ஷ்யாமா விட்டுப்போன முகாம்

மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' 2002இல் வந்தபோது கோபிசெட்டிபாளையத்தில் அம்மாவோடு பார்த்தேன். நான் அழுதேன். அம்மா அழவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது, "ஏங்கண்ணு, அந்தப் புள்ளைய எடுத்துட்டு வந்துட்டாங்க, சரி. முகாம்ல இருந்த மத்த பொம்பளைங்க என்ன ஆனாங்க?" என்று கேட்டார். மாணவிகளோடு படத்தை மறுபடி பார்க்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வி வந்து நிற்கிறது.

கர்ப்பிணியான ஷ்யாமா படகேறி வருகிறாள். முகாமில் குழந்தை பெறுகிறாள். கணவனைத் தேடித் திரும்பிப் போகிறாள். அமுதாவைச் சென்னைக் குடும்பம் ஒன்று வளர்க்கிறது. பெற்றவளா வளர்த்தவளா என்ற பழைய சினிமாச் சண்டைக்குள் சிம்ரனின் இந்திரா விழவில்லை; அவளுடைய பயத்துக்கும் படம் இடம் தருகிறது. இதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேசுகிறேன்.

படத்தில் போர் ஒரு குழந்தையாக நம் கரைக்கு வருகிறது. இங்கிருந்து அங்கே போவது தாயைத் தேடும் மகளும் அவள் குடும்பமும்தான். உண்மையில் வேறு பலவும் போயின. 1983க்குப் பிறகு போராளிக் குழுக்களுக்கு ஆயுதப் பயிற்சி தந்தது இந்திய அரசு. 1987இல் 'அமைதிப் படை' போனது. 1990 மார்ச்சில்தான் திரும்பியது. அந்தப் படையிடம் யாழ்ப்பாணப் பெண்கள் பட்ட பாலியல் வன்முறையை 'முறிந்த பனை'யில் எழுதினார் ரஜனி திராணகம. 1989 செப்டம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். படத்தின் கதையில் அந்த மூன்று ஆண்டுகளுக்கு இடமில்லை. தத்தெடுக்கும் கை வேறு எதையும் செய்ததாகத் தெரியக்கூடாது போலும்.

எங்கள் வயலும் வாய்க்காலும் கொடிவேரி அணையும் எத்தனையோ படங்களில் பாட்டுக்குப் பின்னணியாக நின்றிருக்கின்றன. அங்கிருந்து சத்தியமங்கலம் தாண்டிப் போனால் பவானிசாகர் முகாம். அமுதா வயதுப் பெண்கள் அங்கே இருக்கிறார்கள். இப்போது அவர்களே அம்மாக்கள். 1987 ஜூலை 1க்குப் பிறகு இந்தியாவில் பிறந்தவர் குடியுரிமை பெற, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றையும் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. 2021இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பெயர் மாறியது நல்லதுதான். குடியுரிமை மாநில அரசின் கையில் இல்லை.

சமாதானம் வரும் நாளைப் பற்றி மகளிடம் சொல்லிப் பிரிகிறாள் ஷ்யாமா. போர் 2009 மே மாதம் முடிந்தது. முகாமில் பிறந்த ஒருத்தியிடம் அந்தக் காட்சியைப் பற்றிக் கேட்டேன். டிவியில் பார்த்திருக்கிறாள்.

"எங்க வீட்டுல கத வேற, டீச்சர். அம்மாவுக்கு மன்னாருக்குப் போகணும், அங்கதான் சாகணுமாம். எனக்குச் சத்தியமங்கலம் பஸ் டைம் தெரியும், மன்னார் தெரியாது. நான் வரலைன்னா அம்மாவும் போகமாட்டாங்க."

சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள். அன்று முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாள்.