வந்தாரும் இருந்தாரும்

சென்னையில் பல காலமாகக் குடியிருப்பவர்களிடம் ஊரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். முதலில் திட்டுவார்கள். வெளியூர்க்காரர் யாராவது கூடச் சேர்ந்து திட்டினால் உடனே ஊருக்காக வாதாடுவார்கள். பிழைப்புக்காக இங்கே வந்து, இங்கேயே குடும்பமாகி, வேறு ஊருக்குப் போகும் எண்ணமே இல்லாமல் இருக்கும் நானும் அப்படித்தான். இந்த இரட்டை மனசை வெறும் உணர்ச்சிக் குழப்பம் என்று ஒதுக்குவது சுலபம். ஊரிலேயே ஒன்றுக்கொன்று முரணான இரண்டு குணங்கள் இருக்கின்றன, மனசு அவற்றைச் சரியாகத்தான் படிக்கிறது என்பது என் எண்ணம். அந்த இரண்டையும் பிரித்து எடைபோட்டு, எந்தப் பக்கம் தாழ்கிறது என்று பார்க்க வேண்டும்.

எடைபோடும் முன் எதை எடைக்கல்லாக வைப்பது என்று பேசிவிடலாம். வெயிலையும் புழுக்கத்தையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை; வங்காள விரிகுடாக் கரையில் இந்த இடத்தில் இருக்கும் எந்த ஊரும் இப்படித்தான் வியர்க்கும். ‘அந்தக் கால மெட்ராஸ்’ என்ற ஏக்கத்தையும் சேர்க்கவில்லை. டிராம் வண்டியும் கூட்டமில்லாத மவுண்ட் ரோடும் இனிய நினைவாக வாய்த்தவர்கள் சிலர்தான். அதே காலத்தில் கூவம் கரையில் ஓலைக் குடிசையில் இருந்தவருக்கு அந்த மெட்ராஸ் வேறு. பெங்களூரின் காற்றையும் மும்பையின் வேகத்தையும் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்துவதும் வீண். ஓர் ஊரை, அது தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் சொல்லை வைத்தே சோதிப்பதுதான் நியாயம். ‘வந்தாரை வாழவைக்கும் சென்னை’ என்கிறோம். மேடைப் பேச்சில் தேய்ந்துபோன இந்த வாசகத்தை ஒரு வாக்குமூலமாக எடுத்துக்கொண்டு விசாரிப்போம்.

வாசகத்துக்குச் சாதகமான சாட்சிகள் நிறைய. மாநகரப் பேருந்தில் நடத்துநர் பெரும்பாலும் தன் இருக்கையை விட்டு எழுவதில்லை. கூட்டத்தில் முன்னால் நிற்பவர் ‘ஒரு சைதாப்பேட்டை’ என்று சொல்லி ஐம்பது ரூபாய்த் தாளை அடுத்தவரிடம் நீட்டுவார். நாலைந்து கை மாறி அது நடத்துநரிடம் போகும். டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே கைகள் வழியாகத் திரும்பி வரும். ஒருவரை ஒருவர் தெரியாது. ஆனாலும் காசு குறையாமல் வந்து சேர்கிறது. நேற்று ரயிலில் வந்து இறங்கியவரும் இன்று இந்தக் கைமாற்றலில் ஒரு கை. எந்த ஊர், என்ன சாதி என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. முகப்பில் இளஞ்சிவப்பு பூசிய அந்த வண்டிக்காக மற்ற வண்டிகளை விட்டுவிட்டுக் காத்து நிற்கும் பெண்களை எந்த நிறுத்தத்திலும் பார்க்கலாம். வீட்டு வேலைக்கும் தையல் கம்பெனிக்கும் போகிறவருக்கு மாதக் கடைசியில் மிஞ்சும் அந்தத் தொகை சிறியதல்ல. புருஷனிடமோ மகனிடமோ பஸ் காசு கேட்டு நிற்க வேண்டாம் என்பது அதைவிடப் பெரியது.

சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை இன்னொரு சாட்சி. 1664-இல் கோட்டைக்குள் சிறியதாகத் தொடங்கிய இந்த ‘ஜி.எச்.’ இன்று தமிழ்நாட்டின் வட மாவட்டங்களுக்கும் ஆந்திராவின் தென் மாவட்டங்களுக்கும் கடைசி நம்பிக்கை. விடிகாலை ரயிலில் நோயாளியைக் கைத்தாங்கலாக இறக்கி, சாலையைக் கடந்தால் போதும். தனியாரில் நிலத்தை விற்றுச் செய்யவேண்டிய சிகிச்சைகள் இங்கே ஏழைகளுக்குக் கிடைக்கின்றன. வாசலில் பாய் விரித்துக் கிடக்கும் உறவினர் கூட்டமும் வராந்தாவில் படுத்திருக்கும் நோயாளிகளும் இந்தச் சாட்சியத்தின் குறைகள். ஆனால் வந்தவரைத் திருப்பி அனுப்பாததால்தான் அந்தக் கூட்டமே சேர்கிறது.

சாப்பாட்டையும் சொல்ல வேண்டும். நீதிக்கட்சியின் கையில் மாநகராட்சி இருந்த 1920-இலேயே ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுத்துப் பார்த்த ஊர் இது. 2013-இல் ஒரு ரூபாய் இட்லியோடு அம்மா உணவகம் வந்தது. 2022-இல் அரசுப் பள்ளிகளில் காலை உணவு வந்தது. ஆட்சிகள் மாறினாலும் பசியைப் பொதுப் பொறுப்பாகப் பார்க்கும் வழக்கம் மாறவில்லை. பேருந்து, மருத்துவமனை, பள்ளி, ரேஷன், உணவகம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், கையில் ஒன்றுமில்லாமல் வருகிறவர் இந்தியாவின் பெருநகரங்களில் மிகக் குறைந்த அவமானத்தோடு காலூன்றக் கூடிய இடங்களில் சென்னை ஒன்று என்று தயங்காமல் சொல்வேன். இது தானாக வந்த கருணையுமல்ல. நூறு ஆண்டு அரசியல் போராடிச் சம்பாதித்தது.

வாசகம் முதலில் தடுக்கி விழுவது வீட்டு வாசலில். பேருந்தில் யாரும் கேட்காத கேள்வியை வீட்டுக்காரர் கேட்கிறார்: நீங்க என்ன ஆளுங்க? சைவமா? கல்யாணம் ஆயிடுச்சா? முஸ்லிமுக்கும் தலித்துக்கும் தனியாக வாழும் பெண்ணுக்கும் ‘இப்பதான் வேற ஒருத்தருக்குப் பேசி முடிச்சோம்’ என்ற பதில் தயாராக இருக்கிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்று தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் சொல்கிறது. அது நடைமுறைக்கு வந்தது 2019-இல். ஆறு மாதம், பத்து மாதம் என்று கேட்பது இன்னும் நிற்கவில்லை. மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கம் தோண்டும் பீகார், ஒடிசா தொழிலாளிகள் தகரக் கொட்டகையில் படுத்து எழுந்து போகிறார்கள். அவர்கள் கட்டும் ஊரில் அவர்களுக்கு ஒரு முகவரி இல்லை. ஆக, சென்னை வாழவைப்பது சாலையிலும் மருத்துவமனையிலும் பள்ளியிலும்தான். நிலமும் கூரையும் என்று வந்துவிட்டால் வேறோர் ஊர் எதிரே வந்து நிற்கிறது.

அந்த இரண்டாவது ஊரின் வரலாறு தண்ணீரில் எழுதப்பட்டிருக்கிறது. கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு என்று மூன்று ஆறுகள். மழைநீரை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒப்படைத்த ஏரிகளின் வரிசை. தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெறும் ஊருக்கு இயற்கை செய்து கொடுத்த ஏற்பாடு இது. நாம் என்ன செய்தோம்? 1920-களில் நீண்ட ஏரியை வற்றவைத்துத் தியாகராய நகரை உருவாக்கினோம். மேற்கு மாம்பலத்தில் ஏரிக்கரைச் சாலை இருக்கிறது, ஏரி இல்லை. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம். ஐம்பது சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்திருந்த பள்ளிக்கரணையில் மிஞ்சியிருப்பது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. பெருங்குடிக் குப்பைமேடும் சாலைகளும் வளாகங்களும் மீதியைத் தின்றுவிட்டன. பறக்கும் ரயிலுக்குத் தூண் நடப் பக்கிங்காம் கால்வாயின் வயிறுதான் கிடைத்தது. இந்தப் பட்டியலில் பெரும்பகுதி அரசின் கையெழுத்தோடு நடந்தது. தனியார் பேராசை அதன் பின்னால் வந்தது.

விலையை 2015 டிசம்பரில் கொடுத்தோம். செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி அடையாற்றில் பாய்ந்தபோது கரையில் ஆற்றுக்கென்று இடம் மிஞ்சவில்லை. அது மனிதர் உண்டாக்கிய பேரழிவு என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையே பின்னர் சொன்னது. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், அதே ஏரிகள் பாளம்பாளமாக வெடித்துக் கிடந்தன. தெருமுனையில் லாரிக்காக விடியுமுன் வரிசையில் வைத்த பிளாஸ்டிக் குடங்கள். தன் குடம் அடையாளம் தெரிய கழுத்தில் கட்டிய துணித்துண்டு. லாரி நின்றதும் எழும் கூச்சல். இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஜோலார்பேட்டைத் தண்ணீர் ரயிலில் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு மறுபடியும் வெள்ளம். பெய்கிற மழையைத் தேக்க இடம் விடாத ஊர் மூழ்குவதும் தவிப்பதும் ஒரே காரணத்தால்தான்.

இந்த விலையை யார் கொடுத்தார்கள் என்பதில்தான் தீர்ப்பின் நெஞ்சுப்பகுதி இருக்கிறது. வெள்ளத்துக்குப் பின் அடையாறு, கூவம் கரைக் குடிசைகள் ஆயிரக்கணக்கில் இடிக்கப்பட்டன. பல குடும்பங்கள் பிள்ளைகளின் பள்ளி ஆண்டு நடுவிலேயே பெரும்பாக்கத்துக்கு லாரி ஏறின. அதற்கு முன்பே, 2000-இல் தொடங்கிய கண்ணகி நகரில் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள் நிரம்பியிருந்தன. அடுத்து செம்மஞ்சேரி. மூன்றும் நகரின் நடுவிலிருந்து இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி, பள்ளிக்கரணையைச் சுற்றிய தாழ்வான நிலத்தில் இருப்பவை. வெள்ள அபாயம் என்று சொல்லி ஆற்றங்கரையிலிருந்து எடுத்தவர்களை வெள்ளம் தேங்கும் இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார்கள். செம்மஞ்சேரிக் குடியிருப்புக்குள் மழைக்காலங்களில் முழங்கால் தண்ணீர் மறுபடி மறுபடி நின்றது இதற்குச் சாட்சி.

மந்தைவெளியில் நாலு வீட்டில் வேலை செய்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்கு வாசல் தெளித்துக் கோலம் போட வேண்டும்; பத்து மணிக்குள் நாலு வீட்டுப் பாத்திரமும் முடிய வேண்டும். ஆற்றோரக் குடிசையிலிருந்து அது பத்து நிமிட நடை. பெரும்பாக்கத்திலிருந்து முதல் பேருந்தைப் பிடித்தாலும் கோலம் போடும் நேரம் தாண்டிவிடும். முதலில் ஒரு வீடு போகிறது, பிறகு இரண்டாவது. பக்கத்தில் ஐ.டி. கம்பெனிகளில் துப்புரவு வேலை கேட்டால் விண்ணப்பத்தில் முகவரி தடுக்கிறது. கண்ணகி நகர் என்று எழுதினால் யோசிக்கிறார்கள் என்பதால் துரைப்பாக்கம் என்று மட்டும் எழுதிக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றிப் பத்திரிகைகள் எத்தனையோ முறை எழுதிவிட்டன. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது அதை எதிர்த்து ஒருவர் தீக்குளித்து இறந்தார். இவர்களில் பலர் வந்தவர்களே அல்லர். மூன்று தலைமுறையாக இருந்தவர்கள்.

இருந்தவர்களில் மூத்தவர்கள் மீனவர்கள். 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கரையில் இடம் வாங்குவதற்கு முன்பே குப்பங்கள் இருந்தன. நொச்சிக்குப்பத்துக்கும் கடலுக்கும் நடுவே சாலை போட்டோம். பிறகு அந்தச் சாலையில் மீன் விற்பது போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று 2023-இல் கடைகளை அகற்றினோம். எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தைத் தூர்க்கிறது. 2023 டிசம்பர் ஒரே மாதத்தில் மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து ஆற்றிலும் வலையிலும் படகிலும் அப்பியது. சில வாரத்தில் அம்மோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் ஊரைவிட்டு ஓடினார்கள். தென்சென்னையின் விளக்கு எரிவதற்கான செலவில் ஒரு பகுதி அவர்களுடைய நெஞ்சுச்சளியில் எழுதப்படுகிறது.

எதிர்வாதங்களைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது முறையல்ல. ஆற்றங்கரை உண்மையிலேயே ஆபத்தான இடம், அங்கே மனிதர் இருக்கக் கூடாது என்கிறார்கள். சரி, ஆனால் அந்த விதி ஓலைக்குடிசைக்கு மட்டும் ஏன் பொருந்துகிறது? நீர்வழியில் எழுந்த கல்லூரிகளும் அடுக்குமாடிகளும் அப்படியே நிற்கின்றனவே. நகருக்குள் இடமில்லை என்பது அடுத்த வாதம். 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் தன் முதல் காலத்தில் குடிசை இருந்த இடத்திலோ அதன் பக்கத்திலோதான் மாடி வீடுகள் கட்டிக் கொடுத்தது. நிலமதிப்பு ஏறிய பிறகுதான் ஏழைக்கு இடம் இல்லாமல் போயிற்று. எல்லாப் பெருநகரமும் இப்படித்தான் என்பது மூன்றாவது வாதம். பசியிலும் மருத்துவத்திலும் எல்லாரையும்போல இருக்க மறுத்த ஊருக்கு, நிலத்தில் மட்டும் இந்தச் சாக்கு செல்லாது. முடியாத ஊருமல்ல இது: மழைநீர் சேகரிப்பை 2003-இல் கட்டாயமாக்கி, வீட்டுக்கு வீடு செய்துகாட்டியது. பள்ளிக்கரணையின் மிச்சத்துக்கு 2022-இல் ராம்சார் தகுதி கிடைத்ததும் நல்ல அறிகுறிதான்.

இரண்டு தட்டுகளையும் தனித்தனியே எடைபோட்டு ‘நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு’ என்று முடித்துவிடலாம். அப்படி முடிப்பது தவறு என்பதுதான் என் வாதம். இந்த இரண்டும் இணையாக ஓடும் கோடுகள் அல்ல. இரண்டாவது முதலாவதைத் தின்கிறது. இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளிவைக்கப்பட்ட பெண்ணுக்கு இலவசப் பேருந்து பறிகொடுத்ததில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது, அவ்வளவே. பள்ளியை இழந்த பிள்ளைக்குக் காலை உணவு எட்டாது. சேவையில் பகிர்ந்துகொள்ளும் ஊர், நிலத்தில் தள்ளிவைக்கிறது. குடிசை, குப்பை, சாம்பல் என்று கண்ணில் பட வேண்டாதவற்றையெல்லாம் எல்லைக்கு அனுப்புகிறது. எல்லையும் எங்கேயோ இல்லை. 2011-இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது அனுப்பிய பலவும் ஊருக்குள்ளேயே வந்துவிட்டன.

ஆகவே என் தீர்ப்பு இது. ‘வந்தாரை வாழவைக்கும்’ என்ற வாக்குமூலம் பாதி உண்மை. சென்னை வந்தாரை வாழவைக்கிறது, இருந்தாரைத் தள்ளிவைக்கிறது. குடியிருக்கத் தகுந்த ஊர் இது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இதன் பேருந்தும் ஜி.எச்.சும் பள்ளிச் சமையலும் இல்லாத ஊரில் இருக்க எனக்கு மனமில்லை. ஆனால் பெருமைப்படத் தகுந்த ஊர் என்ற பட்டத்தை இப்போது தர மாட்டேன். அதற்கு மூன்று நிபந்தனைகள்: அப்புறப்படுத்தப்படும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வேலைக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு, சதுப்பிலும் ஏரியிலும் அரசுக் கட்டடம் உட்பட ஒரு செங்கல்கூட இனி இல்லை என்ற உறுதி, எண்ணூரின் காற்றுக்கும் பெசன்ட் நகரின் காற்றுக்கும் ஒரே அளவுகோல். மூன்றும் நம் வரிப்பணத்தில், நம் வாக்கில், நம் ஆயுளுக்குள் முடியக்கூடிய காரியங்கள். ஊரைத் திட்டிக்கொண்டே அதற்காக வாதாடும் நம் பழக்கத்தில் ஒரு மாற்றம் மட்டும் தேவை: வெளியூர்க்காரரிடம் செய்யும் வாதத்தை மாநகராட்சி மன்றத்திலும் வாக்குச்சாவடியிலும் செய்வோம், வந்தாருக்கு மட்டுமின்றி இருந்தாருக்காகவும்.