லாவாவுக்கு வருஷம் உண்டு

போன மாதம் ஒரு மெயில் வந்தது. நாங்கள் போய்வந்த ஒருநாள் சுற்றுலாவுக்கு மதிப்பீடு கேட்டிருந்தார்கள். காட்சிகளுக்கு எத்தனை நட்சத்திரம், வண்டிக்கு எத்தனை, நேரந்தவறாமைக்கு எத்தனை, கைடுக்கு எத்தனை. கீழே ஒரு கட்டம், அதில் 500 எழுத்துக்குள் கருத்து சொல்ல வேண்டும். ராஜகீழ்ப்பாக்கத்தில் மொட்டைமாடியில் உட்கார்ந்து, தாம்பரம் - வேளச்சேரி சாலையின் ஹாரன் சத்தத்துக்கு நடுவே, முதல் மூன்றுக்கும் யோசிக்காமல் ஐந்து ஐந்தாகப் போட்டேன். நான்காவதில் விரல் நின்றுவிட்டது.

அவர் மோசமான கைடு என்று சொல்ல மாட்டேன். நான் பார்த்தவர்களில் அவர்தான் சிறந்தவர். ஆனால் அந்த ஒரு நாளை ஒரு பிரதியாக வைத்துப் படித்தால் அதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அதில் பாதி ஓட்டை நாங்கள் ஊரிலிருந்து கொண்டுபோனது. கட்டத்துக்குள் இது அடங்காது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

இடம் ரீயூனியன். மொரீஷியஸுக்குத் தென்மேற்கே இருக்கும் பிரெஞ்சுத் தீவு. மொத்தமே 2,512 சதுர கிலோமீட்டர், அத்தனையும் எரிமலை கக்கிய கல். பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் என்ற 2,632 மீட்டர் உயர எரிமலை இன்னமும் அடிக்கடி வெடிக்கிறது. மச்சினன் மொரீஷியஸில் வேலை பார்க்கிறான். அவனைப் பார்க்கப் போன நானும் மனைவியும் அவனையும் கூட்டிக்கொண்டு மூன்று நாள் அங்கே போனோம். ஒரு வேன், ஒரு கைடு, நாங்கள் மூன்று பேர் மட்டும். காலை ஏழு மணிக்குத் தலைநகர் சேன் தெனியில் ஏறி, கிழக்குக் கரையோரமாகவே தெற்கு வரை போய், இருட்டுவதற்குள் திரும்புவது. கைடுதான் டிரைவரும். ஐம்பது வயதிருக்கும். சட்டையில் குத்தியிருந்த பட்டையில் முதல் பெயர் பிரெஞ்சு, இரண்டாவது முத்துசாமி. பிரெஞ்சு எழுத்தில் அது 'மூத்துசாமி' என்று நீண்டிருந்தது. ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. எங்களோடு ஆங்கிலத்தில்தான் பேசினார்.

கல்லைப் பற்றி அவர் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். செந்த் ரோஸ் தாண்டி ஒரு மாதா கோயிலில் நிறுத்தினார். 1977 ஏப்ரலில் லாவா ஊருக்குள் இறங்கி வீடுகளை எரித்துக்கொண்டு வந்து, கோயில் வாசலில் நின்று, இரண்டாகப் பிரிந்து சுவரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. உறைந்த கல் இன்னும் வாசலிலேயே கிடக்கிறது. பக்தர்களுக்கு இது அதிசயம். எங்கள் ஆள் அதை மறுக்கவுமில்லை, ஆமோதிக்கவுமில்லை. "லாவா எப்பவும் சரிவைத் தேடும். மாதாவும் சரிவைப் பார்த்து நின்றிருக்கலாம்" என்றார். நல்ல கதைசொல்லிக்கு வரவேண்டிய நிதானம் அது.

அதற்கப்புறம் கிராண் ப்ரூலே. 'பெரிய எரிந்த நிலம்' என்று பொருள். எரிமலையின் கிழக்குச் சரிவு கடலில் வந்து முடிகிற இடம். லாவா சாலையை மூடும், ஆறிய பிறகு அதன் மேலேயே மறுபடி சாலை போடுவார்கள். இப்படி மூடிய ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ரோட்டோரம் வருஷம் எழுதிய பலகை நட்டிருக்கிறார்கள். 2002, 2004, 2007. நம்ம ஊரில் மைல்கல் வருகிற மாதிரி வருஷங்கள் வந்துகொண்டே இருந்தன. 2007 ஏப்ரலில் மேலே எரிமலை வாயின் தரை 300 மீட்டருக்கும் மேல் உள்ளே விழுந்தது, கீழே கடலுக்குள் புது நிலம் முளைத்தது. பலகை இல்லாமலேயே வயது சொல்லவும் கற்றுக்கொடுத்தார். முதலில் சாம்பல் நிறத்தில் லைக்கன் ஒட்டும், அப்புறம் பெரணி, அப்புறம்தான் மரம். பிற்பகலுக்குள் என் மனைவி ஒரு பாறையைப் பார்த்து இது பழசு, அது புதுசு என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். ஒரே நாளில் ஒரு நிலத்தைப் படிக்கக் கற்றுக்கொடுப்பது சின்ன விஷயமில்லை. கலையைப் பற்றி எழுதுகிற நம்மில் எத்தனை பேரால் அது முடிகிறது?

இதெல்லாம் நிறுத்தங்களில். நிறுத்தங்களுக்கு நடுவே கரும்பு இருந்தது.

காலையில் செந்த் ஆந்த்ரே, செந்த் பெனுவா வழியாக வந்தபோது ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கரும்புதான். அந்த நேரத்தில் மட்டும் அவர் பேசவில்லை. ரேடியோவைப் போட்டார். மலோயா பாட்டு ஓடியது. (மலோயாவே தோட்டத்து அடிமைகள் உண்டாக்கியது. அதையும் அவர் சொல்லவில்லை.) ஒரு நிறுத்தம் முடிந்தது, அடுத்தது வரவில்லை, ஆகவே அது வெறும் தூரம். எந்தச் சுற்றுலாவிலும் அந்தத் 'தூரத்தில்' என்ன விட்டுப்போகிறது என்று பார்ப்பதுதான் அதை விமர்சிக்க ஒரே வழி என்று தோன்றுகிறது. பத்தி பிரிக்கும் இடத்தில் நாவலாசிரியர் எதைத் தாண்டிப்போனார் என்று பார்க்கிறோமே, அப்படி.

அங்கே தாண்டிப்போனது இதுதான். 1848 டிசம்பர் 20 அன்று ரீயூனியனில் அடிமைமுறை ஒழிந்தது. 60,000-க்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் விடுதலையானார்கள். கரும்பு வெட்ட ஆள் வேண்டும். பாண்டிச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் ஆட்களை ஏற்றினார்கள். 1860-ல் பிரிட்டனோடு உடன்படிக்கை வந்ததும் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஆள் எடுக்க வழி திறந்தது. 1882-ல் பிரிட்டிஷ்காரர்கள் அதை நிறுத்தினார்கள். இடையில் போய்ச் சேர்ந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல், அதில் பெரும்பகுதி தமிழ்ப் பகுதிக்காரர்கள். இறங்கியவர்களைத் தொற்றுநோய்க்குப் பயந்து அடைத்துவைத்த தனிமைக் கொட்டகை, 'லாசரே', தீவின் வடக்கே கிராந்த் ஷாலூப் என்ற இடத்தில் இன்றும் நிற்கிறது. அதுவும் கடற்கரைதான், எரிமலைப் பாறைக்குக் கீழேதான். ஆனால் வேன் சேன் தெனியிலிருந்து கிழக்கே திரும்பியது. கிராந்த் ஷாலூப் மேற்கே.

அங்கே லாவா ஒவ்வொன்றுக்கும் வருஷம் இருக்கிறது. ஆட்களுக்கு இல்லை. வேன் ஓட்டுகிறவரின் கொள்ளுத்தாத்தா எந்த வருஷம் இறங்கினார் என்று எந்தப் பலகையும் சொல்லவில்லை. கேட்டேன். "தெரியாது. பாட்டி சொல்லியிருக்கலாம், நான் கவனிக்கவில்லை" என்றார், 2004-க்கும் 2007-க்கும் நடுவே எங்கேயோ.

இப்படி வேடிக்கை பார்ப்பதற்கு ஒரு பழைய இலக்கிய உதாரணம் உண்டு. 1841-ல் இருபது வயது பொதலேரை வீட்டார் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றினார்கள். அவர் மொரீஷியஸிலும் அப்போது பூர்போன் என்று பெயரிருந்த ரீயூனியனிலும் இறங்கிவிட்டு அப்படியே பிரான்சுக்குத் திரும்பிவிட்டார். அந்தப் பயணம் தந்த கவிதைகளில் ஒன்று, ஒரு 'மலபார்' பெண்ணைப் பார்த்துப் பேசுவது. மலபார் என்றால் கேரளம் என்று நினைத்துவிடாதீர்கள். தென்னிந்தியர் எல்லோருக்கும் பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர் அது. இன்றும் ரீயூனியனில் தமிழ் வம்சாவளிக்காரர் 'மல்பார்'தான். உன் வெயிலை விட்டு பிரான்சுக்கு ஏன் வர ஆசைப்படுகிறாய், வந்தால் குளிரில் நடுங்குவாய் என்கிறது கவிதை. உடம்பை ரசிக்கும் பார்வைதான், சந்தேகமில்லை. ஆனால் நான் திரும்பிப் படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. எஜமானுக்குக் குழாய் பற்றவைப்பது, தண்ணீர் நிரப்புவது, கொசு விரட்டுவது என்று அவளுடைய வேலைகள் கவிதைக்குள் இருக்கின்றன. வேலையை அழகாக்கிப் பொய்யாக்குகிறார், சரி. ஆனால் அவள் வேலைக்காரி என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் சுற்றுலாவில் அதுகூட இல்லை.

இதுவரை கைடைக் குறை சொன்னேன். இனி நம்ம பங்கு.

செந்த் ஆந்த்ரேயில் ஒரு கோயிலில் நிறுத்தினார். "உங்களுக்காக" என்றார், நிகழ்ச்சி நிரலில் இல்லாத இருபது நிமிஷம். மச்சினன் கோபுரத்தைப் பார்த்ததும், "மாமா, அச்சு அசல் நம்மூர் கோயில்!" என்று போனை எடுத்தான். நானும் எடுத்தேன். பிறகு அவர் பெயர்ப்பட்டையைக் காட்டி, "அது மூத்துசாமி இல்லீங்க, முத்துசாமி. முத்து" என்று சிரித்துக்கொண்டே திருத்தினேன். அவரும் சிரித்தார். "எங்க வீட்டில் நூற்றைம்பது வருஷமாக இப்படித்தான் சொல்றோம்" என்றார். அதற்கப்புறம் அரைமணி நேரம் அவர் கல்லைப் பற்றிக்கூடப் பேசவில்லை.

தமிழில் பயணக் கட்டுரைக்குப் பஞ்சமில்லை. சோமலெ, மணியன் தொடங்கி இன்றைய யூடியூப்காரர்கள் வரை. வெளிநாட்டில் தமிழன் என்ற இடம் வந்ததும் பெரும்பாலானவர்களுக்கு ஒரே பட்டியல்தான்: கோயில் உண்டு, காவடி உண்டு, சேலை உண்டு, தமிழ் மட்டும் போய்விட்டது ஐயோ. நம்மைப் போல இருப்பதை மட்டும் எண்ணி, மிச்சத்துக்கு ஒப்பாரி. 'உலகம் சுற்றும் தமிழன்' என்று புத்தகத்துக்குப் பெயர் வைத்த ஏ.கே. செட்டியாரிடம் இந்தத் தொந்தரவு குறைவு என்பது வேடிக்கை. அவர் எதிரில் இருக்கும் ஆளைப் பேசவிட்டு, சின்ன வாக்கியத்தில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார். நான் அவரைப் படித்தவன்தான். படித்துவிட்டும் பெயரைத் திருத்தினேன்.

திருத்துகிற பழக்கம் எனக்கு மட்டும் உள்ளதில்லை. தோட்ட முதலாளி விட்டுக்கொடுத்த மூலையில் கூலிகள் கட்டிய கோயில்களில் மதுரைவீரன் 'மார்தேவிரன்' ஆனான், பாஞ்சாலி 'பாந்தியாலே' ஆனாள். அவளுக்குத் தீ மிதித்தார்கள், ஆடு வெட்டினார்கள். செங்கல்பட்டு, விழுப்புரம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பார்த்தவர்களுக்கு இதில் புதுசு ஒன்றுமில்லை. பிற்பாடு இங்கிருந்து ஸ்தபதிகளும் குருக்களும் போய்ச் சேர்ந்தபோது ஆகம முறை வந்தது, ஆடு வெட்டுவது கூச்சமானது. எது சரியான தமிழ் வழிபாடு என்று அங்கே இன்னும் சண்டை ஓடுகிறது. நாங்கள் போட்டோ எடுத்த 'அச்சு அசல்' கோபுரம் அந்தச் சண்டையில் ஒரு கட்சி. அது எனக்கு ஊருக்கு வந்து படித்தபோதுதான் தெரிந்தது.

மதியம் சேன் ஃபிலிப்பில் சாப்பாடு. சோறு, அவரை மாதிரி ஒரு பருப்பு, கோழி 'காரி', பக்கத்தில் தக்காளியும் மிளகாயும் அரைத்த 'ருகாய்'. ஊறுகாய்தான் ருகாய் ஆனது என்கிறார்கள். கீரை வந்தது. என்ன கீரை என்றேன். "ப்ரேட் மூரூம்" என்றார். இலையைப் பார்த்தால் முருங்கை. அவரே ஆர்வமாகி, கடைக்காரம்மா தோட்டத்துப் பந்தலுக்குக் கூட்டிப்போனார். கறிவேப்பிலை 'காலுபிலே'. பந்தலில் தொங்கிய பீர்க்கங்காய் 'பீபங்காய்'. இந்தத் தடவை நான் திருத்தவில்லை. தமிழ் மந்திரம் தெரிந்தவர்கள் கோயிலில் இருக்கலாம், ஆனால் பள்ளிக்கூடமும் சர்ச்சும் அலுவலகமும் பிரெஞ்சு பேசிய நாட்டில் ஐந்தாறு தலைமுறை தாண்டி அன்றாட வாயில் நின்றது தோட்டத்துச் செடிகளின் பெயர். முருங்கைக் குச்சியை யாரோ ஒருத்தி கப்பலில் எடுத்துப்போயிருக்கலாம், அங்கேயே இருந்த மரத்துக்கு வீட்டுப் பெயரை வைத்திருக்கலாம். அவளுக்கும் பலகை இல்லை. 'தமிழ் அழிந்துவிட்டது' என்று எழுதுகிறவர்கள் அந்தச் சமையல்கட்டுக்குள் போனதில்லை என்றுதான் சொல்வேன். காலையில் பாறையை எப்படிப் படிக்கச் சொன்னாரோ அப்படியே அவருடைய வாயையும் படித்திருக்கலாம்.

தூரத்தில் இருப்பவர்களைச் சொல்வது சுலபம். எங்கள் வீட்டிலிருந்து பல்லாவரம் வண்டியில் அரைமணி. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே ஒரு கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். தேதியோடு பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதே பல்லாவரம், திரிசூலம் மலைகளைப் பிறகு உடைத்து ஜல்லியாக்கியவர்கள் யார், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எத்தனை பேர் வெடியில் போனார்கள்? நன்மங்கலம் காட்டுக்குள் இருக்கும் பழைய குவாரியில் கொம்பன் ஆந்தை பார்க்க ஞாயிற்றுக்கிழமை காமிராவோடு போகிறோம். நானும் மூன்று தடவை போயிருக்கிறேன். ஆந்தையைப் பற்றி நன்றாகவே சொல்லத் தெரியும்.

திரும்பி வரும்போது கிராந்த் ஷாலூப் போகலாமா என்று கேட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அது எரிமலை டூர் இல்லை. ஸ்கூல் பிள்ளைகளைக் கூட்டிப்போவாங்க. டூரில் யாரும் கேட்டதில்லை" என்றார். நீங்கள் போயிருக்கிறீர்களா என்றேன். சின்ன வயதில், ஒரு தடவை. என்ன ஞாபகம் இருக்கிறது? "சுவர் ரொம்பத் தடிமன்" என்றார். மறுநாள் காலை எங்களுக்கு விமானம். நாங்களும் போகவில்லை.

மெயிலுக்கு நேற்று ராத்திரி பதில் போட்டேன். கைடுக்கு ஐந்து நட்சத்திரம். கட்டத்தில், கிராந்த் ஷாலூப்பில் இருபது நிமிஷம் நிறுத்தலாம், அவரையே பேசச் சொல்லலாம், கரும்புக்காட்டிலும் ரேடியோவை அணைத்துவிட்டுப் பேசலாம் என்று எழுதினேன். 500 எழுத்தில் கொஞ்சம் மிச்சமிருந்தது. பெயரைத் திருத்தியதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்று சேர்த்தேன். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. உங்கள் கருத்துக்கு நன்றி, அடுத்த பயணத்துக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி.