'பைத்தியம்': பெயர் வைப்பது யார்?

'பைத்தியம்' என்ற சொல் பித்தத்திலிருந்து வந்தது. வாதம், பித்தம், கபம் என்ற மூன்றில் ஒன்று மிஞ்சிப்போனால் வருகிற கோளாறு. மனம் கெடுவதற்கும் வயிறு கெடுவதற்கும் நடுவே பழைய மருத்துவச் சொல்லாடல் பெரிய சுவர் எதையும் எழுப்பவில்லை. 'கிறுக்கு' என்பதில் தலைக் கிறுகிறுப்பின் சாயல் இருக்கிறது. 'மருள்' என்றால் மயக்கம். சாமி வருவதற்கும் அதே சொல்தான். பின்னால் வந்தவை 'லூசு', 'மெண்டல்', 'கீழ்ப்பாக்கம் கேஸு'. இந்தக் கடைசிப் பெயரில் நோயே கிடையாது, ஒரு விலாசம்தான் இருக்கிறது. ஆளை எங்கே கொண்டுபோய் அடைப்பது என்பதே நோயின் பெயராகிவிட்டது. இந்த மாற்றத்தைத்தான் நாம் வாசிக்க வேண்டியிருக்கிறது.

சங்க அகப்பாடல்களில் வரும் வெறியாட்டை எடுத்துக்கொள்வோம். மகள் மெலிகிறாள், உறக்கமில்லை, சோறு இறங்கவில்லை. தாய் வேலனை அழைக்கிறாள். அவன் கழங்கு பார்த்து முருகு அணங்கியது என்கிறான். ஆடு பலியாகிறது. தலைவிக்கும் தோழிக்கும் பாட்டைக் கேட்கிற நமக்கும் காரணம் தெரியும்: காதல். கல்லூரியில் இதை 'அறத்தொடு நிற்றல்' என்று குறிப்பெடுத்துக்கொண்டு கடந்துவிடுகிறோம். ஆனால் இவை நோய் கணிப்பது பற்றிய பிரதிகளும்கூட. அவளுடைய மெலிவு நிஜம். அதற்குப் பெயர் வைக்கும் உரிமைதான் தாயிடமும் வேலனிடமும் இருக்கிறது. முருகன் பேரில் பழி போனால் வீட்டின் மானம் தப்பும். வேதனை உண்மை, பெயர் அதிகாரத்தின் கையில் என்ற இரண்டையும் ஒருசேரச் சொல்வதில்தான் அந்தப் பாடல்களின் கூர்மை இருக்கிறது.

காலனியம் வந்தபோது வேலன் இடத்தில் சட்டம் உட்கார்ந்தது. கும்பினி மருத்துவர் வாலண்டைன் கொனோலி 1794இல் சென்னையில் காப்பகம் தொடங்கினார். சிப்பாய்க் கலகத்துக்கு மறு ஆண்டான 1858இல் பைத்தியக்காரக் காப்பகங்களுக்கென்று சட்டம் வந்தது. 1871இல் கீழ்ப்பாக்கத்துக் காப்பகம் இன்றைய இடத்தில் இயங்கத் தொடங்கியது. 1912ஆம் ஆண்டுச் சட்டம் பைத்தியக்காரரை 'புத்திக் குறைவுள்ளவர் அல்லது சித்த சுவாதீனமற்றவர்' என்ற பொருளில் வரையறுத்தது. அதாவது ஆளே நோய். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவர் 'சிகிச்சை தேவைப்படுபவர்' ஆனார். யார் பார்வையில் தேவை என்று அந்த வரையறை சொல்லவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயை ஆளிடமிருந்து பிரித்து வரையறுக்கிறது: சிந்தனை, மனநிலை, புலனுணர்வு, நினைவு போன்றவற்றில் கணிசமான கோளாறு ஏற்பட்டு, வாழ்வின் சாதாரணத் தேவைகளை எதிர்கொள்ளும் திறனையோ யதார்த்தத்தை உணரும் திறனையோ அது கடுமையாகக் குலைக்க வேண்டும். 105 ஆண்டுகளில் இது சின்ன நகர்வல்ல.

அதே சட்டத்தின் பிரிவு 3 இன்னும் முக்கியமானது. ஒருவரின் அரசியல், பொருளாதார, சமூக நிலையை வைத்தோ, சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு, மத மதிப்பீடுகளுக்கு அவர் இணங்கவில்லை என்பதை வைத்தோ மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது அது. இந்த வாசகத்துக்குப் பின்னால் நீண்ட ரத்த சரித்திரம் உண்டு. 1851இல் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட், தப்பியோடும் கறுப்பின அடிமைகளுக்கு 'டிராப்டோமேனியா' என்று ஒரு நோயைக் கண்டுபிடித்தார். விடுதலை வேட்கையே நோய்! தன்பால் ஈர்ப்பு 1973 வரை அமெரிக்க மனமருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இருந்தது. போராட்டங்களுக்குப் பிறகு நிர்வாகக் குழு அதை நீக்கியது, 1974இல் உறுப்பினர்களின் வாக்கெடுப்பு அதை உறுதிசெய்தது. வாக்குப் போட்டு நீக்கக்கூடிய நோய் எப்படிப்பட்ட நோய்?

இந்த இடத்தில்தான் நம் தோழர்கள் சறுக்குகிறார்கள். பைத்தியத்தின் வரலாறு குறித்த ஃபூக்கோவின் நூல் 1961இல் வந்தது. அது தமிழ்ச் சூழலுக்கு வந்து சேர்ந்தபோது, 'மனநோய் என்பது கட்டமைக்கப்பட்டது' என்ற ஒற்றை வாக்கியமாகச் சுருங்கிப்போனது. அங்கிருந்து பித்தைக் கவிஞனின் கிரீடமாகச் சூட்டிக்கொள்வதற்கு ஓர் அடிதான். இறைவனையே பித்தன் என்று பாடிய மரபு கைவசம் இருக்கும்போது கேட்கவா வேண்டும்? ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை எரிந்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகினார்கள். அவர்களிடம் போய் 'உங்கள் நோய் ஒரு கட்டமைப்பு' என்று யார் சொல்லியிருக்க முடியும்? அந்தச் சங்கிலியும் சொல்லாடலின் விளைவுதான். ஆனால் அது இரும்பு.

ஏர்வாடியை வைத்து 'மூடநம்பிக்கை கொன்றது, அறிவியல் காக்கும்' என்று முடிவுகட்டுவதும் சோம்பேறித்தனம். தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 பேரை மனமருத்துவர்கள் ஆராய்ந்து 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மருந்தில்லாமலே அவர்களின் நோய்க்குறி அளவு சராசரியாக ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருந்தது. மிரட்டலற்ற, ஆதரவான சூழலே இதற்குக் காரணமாகலாம் என்பது அவர்கள் கருத்து. ஆக, கோடு கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே போகவில்லை. கட்டிவைக்கிற இடம், மனுசனாக நடத்துகிற இடம் என்ற இரண்டுக்கும் நடுவே போகிறது. சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 95 தடைசெய்கிறது. அதற்கு ஏர்வாடிக்குப் பிறகும் 16 ஆண்டுகள் ஆயின.

இனி 'வாழ்வின் சாதாரணத் தேவைகள்' என்ற தொடருக்கு வருவோம். யாருடைய வாழ்வு, எது சாதாரணம்? இதை எழுதும் நெல்லிவாசல்நாட்டில் நின்று பார்த்தால் இந்தத் தொடர் ஆடத் தொடங்குகிறது. சாமை விளைவித்துக்கொண்டு, அது போதாமல் கூலிக்கு மலையிறங்குகிற மலையாளிப் பழங்குடிக்கு எது சாதாரணமோ, அது மாதச் சம்பளக்காரருக்குச் சாதாரணமல்ல. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை 20 தமிழகத் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் ஜவ்வாது மலை ஊர்க்காரர்களும் உண்டு. அப்படிச் சாகக் கொடுத்த ஒரு பெண் ராத்திரியில் தூங்காமல் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தால் அதற்கு என்ன பெயர் வைப்போம்? பேய் என்றால் பூசாரி கிடைப்பார். நோய் என்றால் மாத்திரை கிடைக்கும். இரண்டிலும் துப்பாக்கி காணாமல் போய்விடும். பெயரே வேண்டாம் என்றால் அவள் தூக்கமில்லாமலே கிடப்பாள்.

வழி இல்லாமலில்லை. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களும் அவர்களோடு நின்ற மருத்துவர்களும் போராடியதால்தான், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் 1980இல் நோய்ப் பட்டியலில் ஏறியது. அந்தப் பெயர் வேதனையை ஒப்புக்கொண்டது. அதோடு, காரணம் அவர்களுக்கு வெளியே, போரில் இருக்கிறது என்பதையும் தனக்குள் எழுதி வைத்தது. பாதிக்கப்பட்டவர்களும் உட்கார்ந்து வைத்த பெயர் அது.

'மனநோய் உண்டா இல்லையா' என்ற விவாதத்தை இத்தோடு விட்டுவிடலாம். பெயர் வைக்கிற இடத்தில் யார் இருக்கிறார்கள், பெயர் வைக்கப்படுகிறவர் அதை மறுத்துப் பேச முடிகிறதா என்பதே கேள்வி. அரசின் செலவில் மனநலச் சிகிச்சை பெறுவதைப் பிரிவு 18 உரிமை என்கிறது. அந்த உரிமை மலைமேல் ஏறி வர வேண்டும் என்று கேட்பதும், வரும்போது கையில் மாத்திரையோடு காதையும் கொண்டுவரச் சொல்வதும் ஒரே போராட்டம்தான். தலைவியின் தோழி செய்ததும் அதுதானே. வேலனை அவள் விரட்டவில்லை. ஆடு சாவதற்கு முன்னால் காரணத்தைச் சொல்லப் பார்த்தாள்.