இப்போனுக்குக் கீழே ஒரு படி

2024 பாரிஸ் ஒலிம்பிக், பெண்கள் 52 கிலோ ஜூடோ, இரண்டாம் சுற்று. டோக்கியோவில் தங்கம் வென்ற ஜப்பானின் உதா அபே வஸா-அரி என்ற பாதிப் புள்ளி எடுத்து முன்னிலையில் இருந்தார். உஸ்பெகிஸ்தானின் தியோரா கெல்தியோரோவா அவரைப் பின்பக்கம் சாய்த்து முதுகு பட வீழ்த்தினார். நடுவர் இப்போன், அதாவது முழு வெற்றி, என்று கையை உயர்த்தியதும் ஆட்டம் முடிந்தது.

இப்போனின் அருமை இதுதான். முன்னிலையைப் பொத்திக் காத்து நேரத்தை ஓட்டலாம் என்று நினைப்பவருக்குக் கடைசி நொடிவரை நிம்மதி இல்லை. பின்தங்கியவருக்குக் கடைசி நொடிவரை வழி உண்டு. வலு, வேகம், கட்டுப்பாடு மூன்றும் கூடி முதுகு பட வீழ்த்தும் வீச்சு ஒன்று போதும். தரையில் 20 நொடி அமுக்கிப் பிடித்தாலும், கழுத்தையோ கையையோ இறுக்கிப் பணிய வைத்தாலும் அதே வெற்றிதான்.

ஆனால் இத்தனை பெரிய தீர்ப்பு ஒரு நொடிப் பார்வையில் தொங்குகிறது. 2000 சிட்னி ஒலிம்பிக்கின் 100 கிலோவுக்கு மேற்பட்டோர் இறுதிப் போட்டியில் பிரான்சின் டேவிட் டூயே தொடுத்த வீச்சை ஜப்பானின் ஷினிச்சி ஷினோஹாரா திருப்பிவிட்டார், இருவரும் விழுந்தார்கள். ஓரத்து நடுவர் ஒருவர் ஷினோஹாராவுக்கு இப்போன் காட்டினார். பலகையில் ஏறியதோ டூயேவுக்கு யூகோ என்ற, வஸா-அரியைவிடச் சிறிய புள்ளி. தங்கமும் அவருக்கே போனது. இன்று காணொளிச் சரிபார்ப்பு இருப்பதால் இத்தகைய பிழை குறைந்திருக்கிறது.

எனக்கு அதைவிடப் பெரிய குறையாகப் படுவது, இப்போனை உயர்த்துவதாகச் சொல்லி அதற்குக் கீழிருந்த படிகளை உடைத்தது. 2009இல் யூகோவைவிடச் சிறிய புள்ளியான கோகா போனது, 2017இல் யூகோவும் போனது. விளைவு, பக்கவாட்டில் விழுந்ததும் ஏறக்குறைய முதுகில் விழுந்ததும் ஒரே வஸா-அரி ஆயின. இரண்டு வஸா-அரி சேர்ந்தால் இப்போன் என்ற பழைய விதியையும் 2017இல் எடுத்துவிட்டு, மறு ஆண்டே திருப்பிக் கொண்டுவந்தார்கள். சிறு சாதனைக்குப் புள்ளி இல்லாததால் பல ஆட்டங்கள் கோல்டன் ஸ்கோர் என்ற கால வரம்பற்ற கூடுதல் ஆட்டத்துக்குள் இழுபட்டு, யாரும் யாரையும் வீழ்த்தாமலே, மூன்றாவது ஷிதோ தண்டனையில் முடிந்தன. இப்போனுக்காகச் செய்த மாற்றம் இப்போன் இல்லாத முடிவுகளுக்கு வழி திறந்துவிட்டது.

2025இல் யூகோ திரும்பியது. அமுக்கிப் பிடிப்பில் 5 நொடிக்கு யூகோ, 10 நொடிக்கு வஸா-அரி, 20 நொடிக்கு இப்போன். இந்த ஏணி நியாயமானது. இதே மனத்தோடு, நின்றபடி எதிராளியின் காலைப் பிடிக்கும் கால்பிடிக்கு விதித்த தடையையும் சர்வதேச ஜூடோ கூட்டமைப்பு மறுபடி பார்க்கவேண்டும். 2010இல் தொடங்கி 2013இல் முழுமையான அந்தத் தடையால், நாகே-நோ-கதா என்ற பாரம்பரிய வீச்சு வரிசையில் இன்றும் பயிலப்படும், எதிராளியைத் தோளில் தூக்கி வீசும் கதா-குருமாவை அதன் மூல வடிவில் போட்டி மேடையில் வீச முடிவதில்லை.