பார்க்கர் 51: மறைத்து வைத்த நிப்பு, மறந்துபோன கழுவல்

பவுண்டன் பேனா பற்றிப் பேச்செடுத்தாலே யாராவது பார்க்கர் 51-ஐ இழுத்துவிடுவார்கள். எந்தத் தலைவர் எந்த ஒப்பந்தத்தில் அதை வைத்துக் கையெழுத்துப் போட்டார் என்று கதைகள் நிறைய. அதையெல்லாம் ஓரமா வச்சுட்டு, எழுதும் கருவியாக அது எப்படி என்று பார்ப்போம்.

1939 பார்க்கர் கம்பெனிக்கு 51-ஆவது ஆண்டு. பெயர் அதிலிருந்து வந்தது. 1941-ல் பேனா அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. கூடவே ஒரு மையும் வந்தது. தாளில் பட்டதும் காய்ந்துவிடும், காரத்தன்மை அதிகம். தாளில் சீக்கிரம் காய்கிற மை நிப்பிலும் சீக்கிரம் காயுமே? அதனால் நிப்பைக் கூட்டுக்குள் மறைத்து நுனியை மட்டும் வெளியே நீட்டவிட்டார்கள். செல்லுலாய்டை அந்த மை கெடுத்துவிடும் என்பதால் உடலை லூசைட் என்ற அக்ரிலிக்கில் செய்தார்கள். நாம் அழகு என்று கொண்டாடும் வடிவம், உண்மையில் ஒரு முரட்டு மையைச் சமாளிக்கச் செய்த ஏற்பாடு.

அந்த மை போய்விட்டது, ஏற்பாடு நின்றுவிட்டது. லாபம் நமக்கு. மூடியைக் கழற்றி வைத்துவிட்டு ரெண்டு நிமிஷம் யோசித்தாலும், அடுத்த எழுத்து தடங்கலில்லாமல் வரும்.

ஆனால் குறையும் அதே இடத்தில்தான். கூட்டுக்குள் மறைந்தது நிப்பு மட்டுமில்லை, அழுக்கும்தான். திறந்த நிப்புள்ள பேனாவில் மை அப்பியிருந்தால் கண்ணில் படும். இதில் படாது. உள்ளே மையைத் தேக்கி வைக்க நெருக்கமான செதில்களுள்ள ஒரு பாகம் இருக்கிறது. பழைய மை அங்கே உறைந்துபோனால் பேனா சிக்கனமாக எழுத ஆரம்பிக்கும். நாம் நிப்பைக் குறை சொல்வோம்.

கழுவுவது பெரிய வித்தை ஒண்ணும் இல்லை. 1948-ல் வந்த ஏரோமெட்ரிக் வகையில், பச்சைத் தண்ணீரில் நுனியை முக்கி உள்ளிருக்கும் பட்டையை அழுத்தி அழுத்தி விட வேண்டும். நிறம் போகவில்லையா, ராத்திரி முழுக்க நுனியை மட்டும் ஊறவைத்து மறுபடி செய்யுங்கள். வெந்நீர் வேண்டாம். ஸ்பிரிட் கூடவே கூடாது, அக்ரிலிக்கில் கீறல் விடும். மினுமினுக்கும் துகள் கலந்த மையும், வரைபடத்துக்கான இந்தியன் இங்க்கும் இதற்கு எதிரிகள். கூட்டைக் கழற்ற முயலாதீர்கள். அரக்கு வைத்து ஒட்டியது, சூடு காட்டத் தெரிந்தவர் கையில்தான் அது வரும்.

முந்தைய வாக்குமேட்டிக் வகையின் உள்ளே ரப்பர் சவ்வு. வயதானால் விறைத்துப்போகும், மாற்றியே ஆக வேண்டும். ஏரோமெட்ரிக்கின் பிளாஸ்டிக் பை பல பேனாக்களில் இன்னும் அப்படியே வேலை செய்கிறது. எழுத வாங்குபவர் யோசிக்காமல் பின்னதை எடுக்கலாம்.

எழுத்தில் மெல்லிசு, தடிப்பு என்று நெளிவு தேடுபவருக்கு 51 ஏமாற்றம்தான், நிப்பு விறைப்பு. நாலு பக்கம் ஒரே வேகத்தில் எழுதுபவருக்கு இதைவிடச் சாதுவான பேனா அபூர்வம். அதன் சாதுத்தனத்தை நம்பித்தான் மையோடு மாசக்கணக்கில் பெட்டியில் போட்டு வைக்கிறார்கள். மதிப்பு குறையாமல் இருக்கட்டும் என்று எழுதாமலே பூட்டி வைத்த பேனாவைவிட, தினமும் எழுதப்படும் பேனாதான் நல்ல நிலையில் இருக்கிறது. புது மை ஓட ஓட பழைய மை உறைய இடமில்லை. பேனாவுக்கு எழுதுவதே பாதி பராமரிப்பு.