சீசன் மூன்று மாதம், ரிட்டர்ன் பன்னிரண்டு மாதம்

தமிழ்நாட்டு வணிகர் மாநில அரசுக்குச் செலுத்தும் வரிகளில் முதன்மையானது ஜிஎஸ்டியின் மாநிலப் பங்கான எஸ்ஜிஎஸ்டி. இதற்கென்று தனி ரிட்டர்ன் கிடையாது. விற்பனைப் பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1, வரியைக் கணக்கிட்டுக் கட்டும் 3பி ஆகிய இரண்டு படிவங்களிலேயே நடுவண் பங்கும் மாநிலப் பங்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் இடம்பெறுகின்றன. குற்றாலத்தில் 2,000 ரூபாய் அறைக்கு 100 ரூபாய் வரி என்றால் 50 டெல்லிக்கு, 50 சென்னைக்கு.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே நடுவண் வருமான வரிக்கு ஒரு ரிட்டர்ன், பெரும்பாலான மாநிலங்களில் மாநில வருமான வரிக்கு இன்னொன்று. முதலாவதை இலவசம் என்று காட்டிவிட்டு இரண்டாவதற்குத் தனி விலை வைப்பது அங்குள்ள மென்பொருள் வணிகத்தில் பழகிப்போன உத்தி. ‘இலவசம்’ என்ற விளம்பரம் மக்களை ஏமாற்றியது என்ற குற்றச்சாட்டின்பேரில், டர்போடாக்ஸ் மென்பொருளின் உரிமையாளரான இன்ட்யூட் நிறுவனம் 2022-இல் 50 மாநிலங்களுடனும் 14.1 கோடி டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டது. இந்தியாவில் ஜிஎஸ்டி இணையதளத்தில் ரிட்டர்ன் போடக் கட்டணமே இல்லை. அந்தத் தளத்தை அமைக்க 2015-இல் இன்ஃபோசிஸுக்குத் தரப்பட்ட ஒப்பந்தம் 1,380 கோடி ரூபாய். அந்தச் செலவு பொதுப்பணம். இருந்தும் தென்காசியில் ரிட்டர்ன் போடச் செலவே இல்லை என்று எந்தக் கடைக்காரரும் சொல்லமாட்டார்.

விற்பனை வரி இந்த மண்ணுக்குப் புதிதல்ல. இந்தியாவில் பொது விற்பனை வரியை முதலில் கொண்டுவந்தது ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு, 1939-இல். 1959-இல் அதற்குப் புதிய சட்டம் வந்தது. 2007 ஜனவரி 1 முதல் வாட், 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி. வாட் காலத்திலேயே ரிட்டர்ன் கணினிக்கு வந்துவிட்டது. ஆனால் ஜிஎஸ்டி வந்த பிறகு ஒருவர் போடும் ரிட்டர்ன் இன்னொருவரின் வரவில் நேரடியாகக் கைவைக்கிறது. கணக்குப்பிள்ளையின் பேரேட்டில் நேர்ந்த பிழை அந்தக் கடையோடு நின்றது. இப்போதைய பிழை சரக்கு வாங்கியவரின் திரையில் போய் நிற்கிறது.

தென்காசி மாவட்டத்தில் எல்லாரும் இதற்குள் வருவதில்லை. பாவூர்சத்திரம் சந்தையின் காய்கறிக்கும் புளியங்குடியின் எலுமிச்சைக்கும் வரி இல்லை; அவற்றை மட்டுமே விற்பவர் பதிவு செய்ய வேண்டியதும் இல்லை. சரக்கு வணிகத்துக்கு ஆண்டுக்கு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் ரூபாய் என்பது பதிவுக்கான எல்லை. குற்றாலத்து லாட்ஜுகளுக்கு 2022 ஜூலை 18 ஒரு திருப்பம். அதுவரை நாள் வாடகை 1,000 ரூபாய் வரையிலான அறைகளுக்கு வரிவிலக்கு இருந்தது. அன்று அது நீங்கி 12 சதவீத வரி வந்தது. மலிவு அறைகள் மட்டும் வைத்திருந்தவரும், வரவு 20 லட்சத்தைத் தாண்டினால், பதிவெண் வாங்கி ரிட்டர்ன் போடவேண்டியதாயிற்று. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு வரி 5 சதவீதம். ஆனால் வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் ‘இன்புட்’ உரிமை அதோடு போய்விட்டது.

செலவில்லாத வழிகள் பல உண்டு. இணையதளத்திலேயே பில்களை ஒவ்வொன்றாக ஏற்றலாம். ஜிஎஸ்டி நெட்வொர்க் தரும் ஆஃப்லைன் கருவியில் நிரப்பி மொத்தமாகவும் ஏற்றலாம். ஆண்டு வரவு 1.5 கோடி வரை உள்ளவர்களுக்குக் கட்டணமில்லாத பில்லிங் மென்பொருளையும் அதே நெட்வொர்க் ஏற்பாடு செய்தது. வரவு 5 கோடிக்குள் இருந்தால் காலாண்டுக்கு ஒருமுறை போடும் முறையைத் தேர்ந்துகொள்ளலாம். ஆண்டுக்கு 24 படிவம் 8 ஆகக் குறைந்துவிடும். இங்கெல்லாம் பணம் மிச்சம், ஆனால் நேரம் போகிறது. சாரல் அடிக்கும் ஜூலை மாதத்தில் 13-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 22-ஆம் தேதிக்குள் 3பி. வாசலில் வேன் நிற்க, அறை கேட்டு ஆள் நிற்க, லாட்ஜ்காரர் பில் எண்ணைத் தட்டிக்கொண்டிருக்க முடியாது. அந்த நேரத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. அது எந்த ரசீதிலும் வராது.

விலை கொடுத்து வாங்கும் மென்பொருளுக்கு வந்தால், டாலி, ஜோஹோ புக்ஸ், மார்க், பிஸி என்று பெயர்கள் பல. ஜோஹோவுக்கு 2011 முதல் தென்காசிக்குப் பக்கத்து மத்தளம்பாறையில் அலுவலகம் இருக்கிறது. உலகத்துக்கே மென்பொருள் விற்கும் நிறுவனம் அருவிக்கு அருகில் இருந்தும், அருவிக்கரை லாட்ஜ் பலவற்றில் இன்னமும் பில் புக்கும் கார்பன் தாளும்தான். இதைப் பழமை என்று ஒதுக்கிவிட முடியாது, கணக்கு அப்படி. மென்பொருள் சந்தா பெரும்பாலும் ஆண்டுக்கு. குற்றாலத்தின் பெரும்பகுதி வருமானமோ ஆனி, ஆடி, ஆவணியில். பேரருவி காய்ந்து கிடக்கும் சித்திரையிலும் சந்தா ஓடிக்கொண்டிருக்கும். மேலும், சந்தாவுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. 10,000 ரூபாய் என்று போட்டிருக்கும் மென்பொருள் கைக்கு வரும்போது 11,800. இன்புட் உரிமை உள்ள ஹார்டுவேர் கடைக்காரர் அந்த 1,800-ஐக் கழித்துக்கொள்வார். 5 சதவீத வரி வாங்கும் லாட்ஜ்காரருக்கு அந்த வழி அடைபட்டதால் அது முழுக்கச் செலவு. ஒரே பெட்டிக்கு ஒரே தெருவில் இரண்டு விலை.

மென்பொருளின் உண்மையான பலம் தெரிவது அந்த ஹார்டுவேர் கடையில்தான். 2022 ஜனவரி முதல், சரக்கு கொடுத்தவர் தம் ரிட்டர்னில் காட்டி, அது வாங்கியவருக்குத் தளம் காட்டும் 2பி என்ற பட்டியலில் வந்தால்தான் இன்புட். மாதம் 200 கொள்முதல் பில் வரும் கடையில் இதைக் கண்ணால் ஒப்பிடுவது பெரும்பாடு. மென்பொருள் 2பி-யை இறக்கி, கடையின் பதிவோடு வைத்து, எது பொருந்தியது, எது வரவில்லை என்று சில நிமிடத்தில் பிரித்துக்காட்டும். 50,000 ரூபாய்ச் சரக்குக்கு 18 சதவீதம் என்றால் 9,000 ரூபாய் இன்புட். அப்படி விடுபட்ட ஒரு பில்லைக் கண்டுபிடித்துக் கொடுத்தாலே சந்தாவின் பெரும்பகுதி திரும்பிவிட்டது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. மதுரை மொத்தக் கடை ‘045/25-26’ என்று அடித்த பில் எண்ணைத் தென்காசிப் பையன் வெறும் ‘45’ என்று ஏற்றியிருந்தால், சில மென்பொருள்கள் இரண்டையும் வெவ்வேறு பில்லாக எடுத்துக்கொள்ளும். ‘வரவில்லை’ பட்டியல் நீளும். பதிவு செய்பவரின் கவனத்துக்கு மாற்று எந்தப் பதிப்பிலும் இல்லை.

லாட்ஜுக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை. இன்புட் இல்லாதவருக்கு 2பி எதற்கு? அவர் மென்பொருளிடம் கேட்பது பில் அடிப்பதும் தொகையைக் கூட்டுவதும் மட்டும். அதிலும் எல்லையோர ஊருக்கே உரிய ஒரு பள்ளம் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பதிவெண் 33-இல் தொடங்கும், கேரளத்தினுடையது 32-இல். புளியரையைத் தாண்டி வரும் கொல்லத்து நிறுவனம் ஒன்று தன் ஊழியர்களுக்கு ஐந்தருவிப் பக்கம் அறை எடுத்து, பில்லில் தன் எண்ணைப் போடச் சொல்கிறது. பொருள் விற்பனையை மனத்தில் வைத்து அமைத்த மென்பொருள் 32-ஐப் பார்த்ததும், இது வெளிமாநில விற்பனை என்று எண்ணி, 50-ம் 50-மாகப் போகவேண்டியதை ஐஜிஎஸ்டி 100 என்று போட்டுவிடும். சட்டப்படி தங்கும் அறைக்குச் சேவை நடந்த இடம் கட்டடம் நிற்கும் இடமே. விருந்தினர் எந்த ஊர்க்காரர் என்பது பொருட்டில்லை. பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிடும் புனலூர்க்காரரும் தமிழ்நாட்டுக்குத்தான் வரி கொடுக்கிறார். அறை எடுத்த நிறுவனமோ ஐஜிஎஸ்டி பில்லையே விரும்பும், ஏனென்றால் தமிழ்நாட்டு வரி அதற்கு இன்புட்டாக உதவாது. மென்பொருளும் வாடிக்கையாளரும் ஒரே பக்கம் சாயும்போது லாட்ஜ் மேலாளர் தனித்து நிற்கவேண்டும். தவறாகக் கட்டியது தெரிந்தால் சரியான தலைப்பில் மறுபடி கட்டி, முன்பு கட்டியதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம்; வட்டி கிடையாது. ஆனால் ஒரே வரி இரண்டு முறை கையைவிட்டுப் போய், ஒருமுறை மட்டும் எப்போதோ திரும்பி வரும்.

காலாண்டு முறையிலும் சீசன் ஊருக்குப் பொருந்தாத ஓர் ஏற்பாடு உண்டு. காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கு, அடுத்த மாதம் 25-ஆம் தேதிக்குள் சலான் கட்டவேண்டும். எளிதாக இருக்கட்டும் என்று, முந்தைய காலாண்டில் ரொக்கமாகக் கட்டிய வரியில் 35 சதவீதத்தைத் தளமே போட்டுத் தருகிறது. ஆண்டு முழுக்க ஒரே மாதிரி ஓடும் மருந்துக்கடைக்கு இது நல்ல வசதி. ஜூலை முதல் செப்டம்பர் வரை 12 லட்சம் வாடகை வாங்கி 60,000 ரூபாய் வரி கட்டிய குற்றாலத்து லாட்ஜை எடுத்துக்கொண்டால் கதை வேறு. அக்டோபருக்கு 21,000, நவம்பருக்கு 21,000. கார்த்திகை பிறந்ததும் ஐயப்ப பக்தர்கள் வருவார்கள் என்றாலும் ஆடிக் கூட்டம் ஆகாது. மூன்று மாத வாடகை 3 லட்சம்தான் என்றால் உண்மை வரி 15,000. மீதி 27,000 ரொக்கப் பேரேட்டில் கிடக்கும். பணம் தொலையவில்லை, ஆனால் வெள்ளையடிக்கவும் மோட்டார் மாற்றவும் வேண்டிய நேரத்தில் கையில் இல்லை. மாத வரியைத் தாமே கணக்கிட்டுக் கட்டும் மாற்று வழி சட்டத்திலேயே இருக்கிறது. ஆயத்தமாக நிற்கும் பொத்தானை விட்டு அந்த வழியைத் தேடிப் போவோர் குறைவு. வசதிக்கென்று வைத்த ஏற்பாடே இங்கே செலவாகிறது.

படிவத் தொல்லையே வேண்டாம் என்பவர் காம்போசிஷன் திட்டத்தைப் பார்ப்பார்: காலாண்டுக்கு ஒரு சிறு படிவம், ஆண்டுக்கு ஒரு ரிட்டர்ன். சேவை செய்பவருக்கு வரவு 50 லட்சம் வரை இது திறந்திருக்கிறது, வரி 6 சதவீதம். வாடிக்கையாளரிடம் அதைத் தனியே வாங்கக்கூடாது. வரி உட்பட ஆண்டுக்கு 40 லட்சம் வசூலாகும் லாட்ஜ் சாதாரண முறையில் ஏறக்குறைய 1,90,000 ரூபாய் கட்டும், காம்போசிஷனில் 2,40,000. சில படிவங்களை மிச்சம் பிடிக்க 50,000 ரூபாய் கொடுப்பது, எந்த மென்பொருளையும்விட விலை கூடிய மென்பொருள்.

பெரும்பாலோர் கடைசியில் போய்ச் சேருவது ஆடிட்டர் ஆபீஸில். பில்களின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் மென்பொருள் அவர்கள் பாடு. ஒரே மென்பொருளின் விலையைப் பல கடைகள் பங்கிட்டுக்கொள்வதால் சிறுவணிகருக்கு இதுவே மலிவு. தென்காசி போன்ற ஊருக்குப் பொருத்தமான ஏற்பாடும் இதுதான். குறை வேறு இடத்தில் இருக்கிறது. 20-ஆம் தேதி வாக்கில் கடையில் போன் அடிக்கும். “அண்ணாச்சி, ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க.” கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டிருப்பவர் ஆறு எண்ணைப் படித்துச் சொல்வார். அந்த ஆறு எண்தான் சட்டத்தின் முன் அவருடைய கையெழுத்து. படிவத்தை அவர் பார்க்கவில்லை, பார்த்தாலும் ஆங்கிலம். போட்ட 3பி-யைத் திருத்த முடியாது. பிழையை அடுத்த மாதக் கணக்கில்தான் சரிக்கட்டவேண்டும். மென்பொருளும் ஆடிட்டரும் வேலையை வாங்கிக்கொள்கிறார்கள், பொறுப்பு கல்லாவிலேயே இருக்கிறது. ஓடிபி கேட்குமுன் மொத்த விற்பனை, மொத்த வரி என்ற இரண்டு தொகையைத் தமிழில் அனுப்பும் வழக்கம் வந்தால் பாதிச் சிக்கல் தீரும். அதற்குக் காசு எதுவும் வேண்டாம்.

தாமதத்துக்கும் விலை உண்டு. 3பி-க்கு நாளொன்றுக்கு 50 ரூபாய். அதில் 25 மாநிலத்துக்கு. வரவு 1.5 கோடி வரை உள்ளவருக்கு ஒரு ரிட்டர்னுக்கு 2,000 ரூபாய் உச்சம்; நாற்பது நாளில் அதை எட்டிவிடலாம். வரிபாக்கி இருந்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி தனி. மாதந்தோறும் போடுபவர், விற்பனையும் கொள்முதலும் இல்லாத மாதத்துக்கும் ‘நில்’ ரிட்டர்ன் போடவேண்டும்; மறந்தால் நாளுக்கு 20, உச்சம் 500. கதவைப் பூட்டி வைத்த மாதங்களுக்குத்தான் இந்த மறதி அதிகம். 2020 ஜூன் முதல் இதற்குக் கணினிகூட வேண்டியதில்லை. பதிவு செய்த கைபேசியிலிருந்து 14409 என்ற எண்ணுக்கு, நில், 3பி, பதிவெண், மாதம்-ஆண்டு ஆகியவற்றை ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ். பதிலுக்கு வரும் குறியீட்டை உறுதிசெய்து இன்னொன்று. அருவியில் தண்ணீர் இல்லாத மாதத்தின் 3பி செலவு அந்த இரண்டு எஸ்எம்எஸ்.