சமதளத்தின் சுவை: நோணாங்குப்பம் ஆற்றங்கரை ஓட்டத் தடங்கள்

செஞ்சி மலைப்பகுதியில் பிறந்து, வீடூர் அணையைக் கடந்து, வில்லியனூர், திருக்காஞ்சி வழியாகக் கிழக்கே வரும் சங்கராபரணி, கடலை நெருங்கும்போது இரண்டாகப் பிரிகிறது. வடக்குக் கிளை அரியாங்குப்பம் ஆறு, தெற்குக் கிளை சுண்ணாம்பாறு. இரண்டுக்கும் இடைப்பட்ட தாழ்வான வண்டல் நிலத்தில், புதுச்சேரி நகரிலிருந்து கடலூர் சாலையில் ஏழெட்டு கிலோமீட்டர் தெற்கே, நோணாங்குப்பம் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் மேடு என்று சொல்லத்தக்கது, நகருக்கு வடமேற்கே கோரிமேட்டுப் பக்கம் சுமார் 30 மீட்டர் உயரத்தில் கிடக்கும் செம்மண் நிலம்தான். தெற்கே பாகூர் வரையிலும், அதையும் தாண்டித் தென்பெண்ணை வரையிலும் நிலம் தட்டையாகவே போகிறது. சுண்ணாம்பாற்றைக் கடக்கும் பாலத்தின் ஏற்றத்தை விட்டால், ஓடுபவருக்கு ஏறி இறங்க இங்கே ஒன்றும் கிடையாது.

ஏற்ற இறக்கம் இல்லாத தடம் அலுப்புத் தட்டும் என்பது மலைப்பாதையில் ஓடிப் பழகியவர்கள் சொல்லும் குறை. சமதளத்தில் கவனிக்க வேண்டியவை வேறு: காலடி மண், காற்று, திருப்பம். மனிதர் மிக வேகமாக ஓடிய மாரத்தான் தொலைவுகளுள் ஒன்றும் இதையே காட்டுகிறது. 2019 அக்டோபர் 12 அன்று கென்யாவின் எலியூட் கிப்சோகே 42.195 கிலோமீட்டரை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடினார். வேக ஓட்டக்காரர்கள் முறைவைத்து மாறி மாறித் துணை ஓடியதால் அது அதிகாரப்பூர்வச் சாதனையாக ஏற்கப்படவில்லை. அதற்குத் தேர்ந்தெடுத்த இடம் வியன்னாவில் டான்யூப் ஆற்றை ஒட்டிய பிராட்டர் பூங்காவின் நேர்ச்சாலை. ஒரு சுற்றில் ஏற்ற இறக்க வேறுபாடு மூன்று மீட்டர்கூட இல்லை. அப்படியிருந்தும் ஏற்பாட்டாளர்கள் சாலையின் ஒரு பகுதிக்குப் புதிதாகத் தார் போட்டார்கள். ஓரத்து மரங்களையும் முன்னே ஓடுபவர்களின் அணிவகுப்பையும் காற்றுக்குத் தடுப்பாக்கினார்கள். வளையும் இடத்தில் தளத்தை உள்பக்கமாகச் சரித்துக் கட்டினார்கள். மேடு பள்ளம் இல்லாமற்போனதும் மண்ணும் காற்றும் திருப்பமும்தான் கணக்கில் நின்றன.

காலடி மண்ணே இவற்றுள் முதன்மையானது. சமதளத்தில் ஒரே நீளத்து எட்டு ஆயிரக்கணக்கான முறை அதே தசையிலும் அதே மூட்டிலும் விழுகிறது. மலையில் ஏற்றமும் இறக்கமும் தரும் மாற்றத்தை இங்கே தரை மாறித்தான் தரவேண்டும். நோணாங்குப்பத்தைச் சுற்றி நான்கு வகைத் தரைகள் ஒரே ஓட்டத்தில் கிடைக்கும். ஊர்களை இணைக்கும் தார்ச்சாலை வேகம் தரும். ஆனால் மழைநீர் வடிய அதன் நடு உயர்ந்து ஓரங்கள் சரிந்திருக்கும். ஒரே ஓரமாக நெடுந்தூரம் ஓடினால் ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே விழும், இடுப்பும் முழங்காலும் அதைச் சுமக்கும். கரைமண் மழைக்குப் பின் இரண்டொரு நாளில், சேறு இறுகியும் இறுகாமலும் இருக்கும்போது, மிகச் சிறந்த தரை. கோடையில் அதே வண்டல் வெடித்துக் கணுக்காலுக்குப் பொறி வைக்கும். வயல் வரப்பு ஓடுபவரை அடக்கி வைக்கும். எட்டு குறுகும், பார்வை இரண்டடி முன்னால் மட்டுமே நிற்கும், கைகள் சமன் பார்க்கும். கடைசியாக மணல். உலர்ந்த மணலில் ஓட, கெட்டித் தரையில் ஆகும் ஆற்றலைப் போல் சுமார் 1.6 மடங்கு தேவை என்று 1998இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் அளந்து வெளியிட்டார்கள். அலை நனைத்து விலகிய ஈரமணலில் அந்தத் தண்டனை பெருமளவு குறைகிறது. வற்றம் பார்த்துக் கடற்கரைக்குப் போவது அதனால்தான் பயனுள்ளது. ஆனால் அந்த மணலும் கடல் பக்கம் சரிந்தே இருக்கும் என்பதால், போன வழியே திரும்பி வந்து இரு கால்களுக்கும் பங்கு பிரிப்பது நல்லது.

அடுத்தது காற்று. தட்டையான நிலத்தில் அதைத் தடுக்க மேடு இல்லை, தென்னந்தோப்பும் சவுக்குத் தோப்பும்தான் தடுப்பு. விடியலில் நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசும் காற்று, வெயில் ஏறியபின் திசை மாறிக் கடற்காற்றாகிறது. போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று என்பது உலகெங்கும் ஓடுபவர்கள் கைக்கொள்ளும் விதி. குளிர்நாட்டில் அது சரி. புழுக்கம் மிகுந்த இந்தக் கரையில் அதை அப்படியே ஏற்க முடியாது. ஓடும் வேகமும் பின்காற்றின் வேகமும் ஒன்றானால் உடலைச் சுற்றிக் காற்று அசைவே இராது. வியர்வை உலராது, உடல் கொதிக்கும். ஆகவே சித்திரை, வைகாசியில் களைத்துத் திரும்பும் பாதி, காற்றை எதிர்கொள்வதாக இருக்கலாம். வேகம் சற்றுக் குறைந்தாலும் உடல் குளிரும்.

மூன்றாவது திருப்பம். தட்டை நிலத்தில் போய்ச்சேரும் இடம் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. கோபுரமோ தண்ணீர்த் தொட்டியோ கண்ணில் பட்ட பிறகும் நெடுநேரம் நெருங்காமலே நிற்கும். நேராக வெட்டிய வாய்க்கால் கரையில் இந்தச் சோதனை கூடுதல். ஆற்றங்கரை அப்படியன்று. ஒவ்வொரு வளைவும் அடுத்ததை மறைக்கிறது. தொலைவு சிறு சிறு பகுதிகளாகப் பிரிந்து எளிதாகிறது. ஒரே கிலோமீட்டர் கணக்குள்ள இரண்டு தடங்களில் ஆற்றை ஒட்டியது குறைவாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

இவற்றை வைத்துப் பார்த்தால் இங்கிருந்து மூன்று திசைகளில் தடங்கள் அமைகின்றன. வடகிழக்கே போவது இரண்டு கிளைகளுக்கும் நடுவிலுள்ள நிலத்தில், அரியாங்குப்பம் வழியாகக் காக்காயந்தோப்பு, அரிக்கமேடு, வீராம்பட்டினம் என்று நீள்கிறது. தோப்பு நிழல் அதிகம். அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் 1945இல் அகழ்ந்து ரோமானிய வணிகத்தின் தடயங்களைக் காலவரிசைப்படுத்தினார். ஆற்றுமுகத்தில் அலையாத்தி மரங்கள் நிற்கின்றன. ஆடித் தேர்த்திருவிழாவுக்குப் பெயர்பெற்ற செங்கழுநீரம்மன் கோயில் உள்ள வீராம்பட்டினத்தில், காலையில் கரையேறும் படகுகளுக்கும் விரித்த வலைகளுக்கும் வழிவிட்டு ஓடவேண்டும். பொழுதுபோக்கு ஓட்டத்துக்கு இது முதல் தேர்வு.

தென்கிழக்கே செல்வது பாலத்தைக் கடந்து இடையார்பாளையம், தவளக்குப்பம், பூரணாங்குப்பம் வழியாகப் புதுக்குப்பம் கடற்கரைக்குப் போகிறது. தார், மண், மணல் என்று தரை வரிசையாக மாறுவது இதன் சிறப்பு. நெடுஞ்சாலையின் வண்டி நெரிசல் குறை. அந்தப் பகுதியை விடியுமுன் முடிப்பது நல்லது. ஆறு கடலில் கலக்கும் இடம் ஆண்டெல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. கோடையில் மணல் சேர்ந்து வாய் குறுகும், வெள்ளம் வந்தால் அகலும். சென்ற ஆண்டு ஓடிய மணல்திட்டு இந்த ஆண்டு தண்ணீராக இருக்கலாம்.

தென்மேற்குத் தடம் நெடுந்தூரம் ஓடுபவர்களுக்கு. தவளக்குப்பத்திலிருந்து அபிஷேகப்பாக்கம் வழியாக நெல்வயல்களுக்குள் புகும். இன்னும் நீட்டினால் பாகூர் ஏரி. ஊசுட்டேரிக்கு அடுத்துப் புதுச்சேரியின் பெரிய ஏரியான இதற்குத் தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் நீர் கொண்டுவருகிறது. ஏரிக்கரை சமதள ஓட்டத்தின் உயர்ந்த வகை: ஒருபுறம் நீர், மறுபுறம் தாழ்ந்த வயல், நிலத்தைவிடச் சற்றே உயர்ந்த தடம். நிழல் மட்டும் அரிது. நிழல் வேண்டுபவர்கள் எதிர்த்திசையில் ஆரோவில் செல்லலாம். அங்கே 2008 முதல் செம்மண் காட்டுப் பாதைகளில் மாரத்தான் நடந்துவருகிறது.

பருவமே தடத்தின் தரத்தை முடிவு செய்கிறது. ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அத்தகைய நாட்களுக்குப் பின் அரிப்புண்ட கரையில், நடந்து பார்க்காமல் ஓடக்கூடாது. தை, மாசி சிறந்த காலம்: சம்பா அறுவடை முடிந்திருக்கும், கரை இறுகியிருக்கும், காலை குளிர்ந்திருக்கும். அக்னி நட்சத்திரத்தில் ஆறு மணிக்குள் பாதி ஓட்டம் முடிய வேண்டும். அந்தியில் வரப்பும் புதரும் பாம்புகளின் வழி. தார்ச்சாலையோடு நிற்பது அறிவு.

கரையும் வரப்பும் ஓடுவதற்காகப் போட்டவை அல்ல, நீரைக் காப்பதற்காகக் கட்டியவை. நாற்று நட்ட நாட்களில் ஈர வரப்பை மிதித்தால் மடை உடையும். எதிரே தலைச்சுமையோடு வருபவருக்கு ஓடுபவரே ஒதுங்க வேண்டும்.